காரணம் கேட்காத கமரா

களனிப் பள்ளத்தாக்கின் எங்கள் தோட்டப் பக்கத்தில் 1970களில் ஒருவர் போட்டோ பிடித்துக்கொள்வதென்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். கல்யாணம் நடந்திருக்க வேண்டும், அல்லது பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டிருக்க வேண்டும், அல்லது வீட்டில் ஒருவர் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டும். வெயில் நன்றாக அடிக்கிறது, முகம் தெளிவாக இருக்கிறது என்பதற்காக யாரும் ஸ்டூடியோப் படி ஏறியதில்லை. காசு ஒரு பக்கம். யட்டியந்தோட்டை டவுனுக்கோ அவிசாவளைக்கோ இறங்கிப் போய்வந்தால் அன்றைக்குச் செக்ரோலில் பேர் விழாது. பேர் விழாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. ஆகவே ஒரு படத்தின் விலை என்பது ஸ்டூடியோக்காரர் கேட்கும் காசும் ஒரு நாள் கூலியும் சேர்ந்ததுதான்.

என் தங்கை மகனுக்கு இருபத்தாறு வயது. போன ஞாயிறு காலை, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கோடியில் ஈரச் சாக்கின் மேல் ஏறி நின்ற ஒரு சேவலைச் சுற்றிச் சுற்றி அரை மணிநேரம் படம் எடுத்தான். எதற்கென்று கேட்டேன். "லைட் நல்லா இருந்திச்சு மாமா" என்றான். இந்தப் பதிலை என் அப்பாவிடம் சொல்லியிருந்தால் ஆளைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இழுத்துப் போயிருப்பார்.

அந்தக் காலத்து ஸ்டூடியோவுக்குள் போனால் ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். எல்லா மாப்பிள்ளைமாருக்கும் அதே கோட்டுதான். தோள் பெருத்தவருக்கு முதுகுப் பக்கம் தையலைப் பிரித்துவிடுவார்கள், மெலிந்தவருக்கு மடித்து ஊசி குத்துவார்கள். முன்னாலிருந்து பார்க்க ஒன்றும் தெரியாது. வெறுங்காலோடு வந்தவருக்கு ஒரு சோடி சப்பாத்து இருக்கும். பவுடர், சீப்பு, மூலை உடைந்த கண்ணாடி. பின்னால் தொங்கும் திரையில் மாடிப்படியும் தூணும் அன்னம் நீந்தும் குளமும் வரைந்திருக்கும். சிரிக்கக் கூடாது, கண் சிமிட்டக் கூடாது. படம் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை கண் மூடிவிட்டோமோ என்ற பயம் வீட்டில் எல்லாருக்கும் இருக்கும்.

அந்தத் திரையை இன்று கேலி செய்வது எளிது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழெட்டுப் பேராகப் படுத்தெழுந்தவர்கள், தங்களுக்கு ஒரு மாடிப்படி இருக்கும் படத்துக்குக் காசு கொடுத்தார்கள். அதில் கேலிக்கு என்ன இருக்கிறது? எந்தச் சுவருக்கு முன்னால் நிற்பது என்பதை அவர்கள் தாங்களாகத் தீர்மானித்தது அந்த ஐந்து நிமிடத்தில் மட்டும்தான்.

பாஸ்போர்ட்டுப் படங்களின் கதை வேறு. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த தோட்டத் தமிழர்களான எங்கள் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். பெரிய பேச்செல்லாம் டில்லியிலும் கொழும்பிலும் நடந்தது. அதன் கடைசி வேலை எங்கள் டவுன்களிலிருந்த சின்னச் சின்ன ஸ்டூடியோக்களில் நடந்தது. அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம் என்று ஆன குடும்பங்கள், பிரிவதற்கு முன் சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளும். இரண்டு பிரதி போடுவார்கள். ஒன்று கப்பலில் போகும், ஒன்று லயத்தில் தங்கும். என் அம்மாவின் தகரப் பெட்டியில் அப்படி ஒரு படம் இருக்கிறது. தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்குப் போய், தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டத்தில் திரும்பவும் கொழுந்து பறித்த என் பெரிய மாமாவின் குடும்பம் அதில் நிற்கிறது. அதற்கப்புறம் அம்மாவும் மாமாவும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. கப்பலும் 1984இல் நின்றுபோயிற்று.

இங்கே தங்கியவர்களுக்குப் படம் வேண்டியிருந்த அடுத்த இடம் தேசிய அடையாள அட்டை. அட்டை 1972 முதல் வழங்கப்பட்டாலும் அது குடிமக்களுக்கானது. எங்களில் பலருக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பிறகுதான் அந்தக் கதவு முழுதாகத் திறந்தது. எண்பது வயதில் முதல் தடவையாகக் கமராவைப் பார்த்த கிழவர்கள் இருந்தார்கள். அவர்களது முகத்தைப் படம் பிடிக்க அரசாங்கம் அத்தனை காலம் எடுத்துக்கொண்டது.

அதற்கு நூறு வருடத்துக்கு முன்பே எங்கள் ஆட்களைக் கமரா பார்த்திருக்கிறது. ஆனால் அந்தப் படம் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. ஆங்கிலப் படக்கலையின் பெரும்பெயரான ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையிலும் மலைநாட்டிலும் குடியிருந்து, தோட்டத்தில் வேலை செய்த தமிழர்களைப் படம் எடுத்தார். இன்று உலகத்து அருங்காட்சியகங்களில் அவை இருக்கின்றன. அவற்றில் நிற்பவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. 1934இல் பசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்துக்குக் காசு கொடுத்தது தேயிலைப் பிரசாரச் சபை. அது தேயிலையை விற்கப் பிறந்த படம், அழகான படம், இரண்டும் உண்மை. பிறகு எங்கள் வாசலுக்கே கமரா வந்தது. யட்டியந்தோட்டையிலிருந்து ஹட்டன் பாதையில் ஏறினால் வரும் கித்துல்கலையில், களனி கங்கைக்குக் குறுக்கே மரப்பாலம் கட்டி, அதை வெடிவைத்துத் தகர்த்து, டேவிட் லீன் 'த பிரிஜ் ஒன் த ரிவர் குவாய்' எடுத்தார். படம் 1957இல் வெளியாகி ஏழு ஒஸ்கார் வாங்கியது. அதில் ஒன்று ஒளிப்பதிவுக்காக ஜாக் ஹில்ட்யார்டுக்குக் கிடைத்தது. எங்கள் பள்ளத்தாக்கின் வெளிச்சத்துக்கு ஒஸ்கார் கிடைத்தது என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. அந்த வெளிச்சம் படத்தில் பர்மா எல்லைக் காடாக நடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பாலத்தைத் தாங்கிய கொங்கிரீட் அடித்தளம் இன்றும் ஆற்றங்கரையில் கிடக்கிறது. இப்போது அதே ஆற்றில் ரப்பர்ப் படகில் பாய்ந்து வரும் சுற்றுலாப் பயணிகளை, பாறை மேல் நின்று படம் எடுத்துப் பிழைக்கும் பையன்கள் இருக்கிறார்கள்.

லயத்துக்குள் முதன்முதலில் சொந்தக் கமராவைக் கொண்டுவந்தவர்கள் ஆண்கள் இல்லை. இதை யாரும் பெரிதாக எழுதியதாக எனக்கு நினைவில்லை. 1980களில் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன எங்கள் பெண்கள் திரும்பி வரும்போது பெட்டிக்குள் கம்பளிப் போர்வை, கசட் ரெக்கோடர், வாசனைச் சவர்க்காரம், அவற்றோடு ஒரு யஷிகா அல்லது கொடக் கமரா. முப்பத்தாறு படச் சுருள் ஒன்று. தீபாவளிக்கு நான்கைந்து, கோயில் தேருக்குப் பத்து, யாருக்காவது காது குத்தினால் இரண்டு, மிச்சத்தைத் தைப்பொங்கல்வரை இழுத்துப் பிடிப்பார்கள். கழுவிக் கொண்டுவந்தால் பாதிப் படத்தில் தலை இருக்காது, ஒன்றிரண்டில் விரல் மறைத்திருக்கும். ஆனால் அந்தப் படங்களில்தான் முதல் முறையாக எங்கள் பெண்கள் சிரிக்கிறார்கள். கமராவுக்குப் பின்னால் நின்றது அக்கா. அவளுக்கு முன்னால் விறைத்து நிற்க யாருக்கும் அவசியமிருக்கவில்லை. வாசலில் காயும் துணி, அடுப்புப் புகை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகை எல்லாம் யோசிக்காமலே படத்துக்குள் வந்து விழுந்தன. எங்கள் மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்த முதல் படக்கலைஞர்கள் யார் என்று என்னைக் கேட்டால், கையில் வளையல் தழும்போடு வந்த இந்த அக்காமார்களைத்தான் காட்டுவேன்.

என் தங்கை மகனிடம் இப்போது கமராவோடு ஒரு சைக்கிளும் இருக்கிறது. சைக்கிளின் கதை இவ்வளவு நீளமில்லை. மலைத் தோட்டத்தில் சைக்கிளுக்கு அவ்வளவாக வேலை இல்லை. தபால்காரரிடம் இருந்தது, பாண்காரரிடம் இருந்தது, கருவாட்டுக்காரரிடம் இருந்தது. மேட்டில் தள்ளிக்கொண்டு ஏறுவார்கள், பள்ளத்தில் பிரேக்கைப் பிடித்தபடி இறங்குவார்கள். களனிப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில், கங்கைக் கரையோரப் பாதைகளில், கொஞ்சம் வசதியாக ஓட்டலாம். டவுனில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, பாருக்கடியில் காலை விட்டு ஓட்டப் பழகியவர்கள் என் வயதுக்காரர்கள். ரலி சைக்கிள் வைத்திருந்த கணக்கப்பிள்ளை அதைத் துடைத்த நேரம் ஓட்டிய நேரத்தைவிட அதிகம். பொம்பளைப் பிள்ளைகள் தொடக்கூட மாட்டார்கள், வீட்டில் விடவும் மாட்டார்கள். இன்று பாண் ஓட்டோவில் வருகிறது, ஒலிபெருக்கியில் பீத்தோவனின் மெட்டோடு. அந்த மெட்டைக் கேட்டால் தோட்டத்து நாய்கள்கூட எழுந்து வாசலுக்கு வந்துவிடும்.

ஓட்டுவதைவிடப் பெரிய சிக்கல் பாதையில் இருந்தது. தோட்டத்துப் பாதை தோட்டத்துடையது, யார் வருகிறார், யார் போகிறார் என்பதற்குக் கணக்கு உண்டு. வெளிப் பாதையோ இளவட்டங்களுக்கு ஆகாத காலங்களாக மாறி மாறி வந்தது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் கேகாலை மாவட்டம் முக்கியக் களங்களில் ஒன்று. அப்போது சைக்கிளில் போன பையன் எவனென்றாலும் சந்தேகத்துக்கு ஆளானான். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடை, றக்குவானைப் பக்கங்களில் தோட்டங்கள் தாக்கப்பட்டன. 1983 ஜூலைக் கலவரம் எல்லாருக்கும் தெரிந்தது. தேயிலைச் செடிக்குள் இரவைக் கழித்தவர்கள் கையில் பிள்ளையும் பதிவுக் காகிதமும் இருந்திருக்கும். சுவரில் மாட்டிய படத்தைக் கழற்ற யாருக்கு நேரம் இருந்திருக்கப் போகிறது? எங்கள் சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டங்கள் நுவரெலியாவைப் போல ஒட்டுமொத்தமாகத் தமிழ் மலைகளாக இருப்பவை அல்ல. சிங்களக் கிராமங்களுக்கிடையே திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடப்பவை. நல்ல காலத்தில் அது நட்பு, சம்பந்தம், இரண்டு மொழி. கெட்ட காலத்தில் ஓட இடமில்லை.

நகரமும் எங்களுக்கு இலகுவான இடமாக இருக்கவில்லை. எங்கள் காலத்தில் கொழும்பு என்றால் புறக்கோட்டைக் கடையில் மூட்டை தூக்குவது, இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் குசினியில் பத்து வயதில் பாத்திரம் கழுவுவது. அவிசாவளையிலிருந்து களனிப் பள்ளத்தாக்கு ரயிலேறினால் கொழும்புக் கோட்டை. அந்தப் பாதை ஒரு காலத்தில் இரண்டரை அடி அகலச் சின்னத் தண்டவாளத்தில் யட்டியந்தோட்டைவரை ஓடியது. அந்தக் கிளையை 1942இல், உலகப் போர்க்காலத்தில், மூடினார்கள். இரத்தினபுரியைத் தாண்டி ஓப்பநாயக்கவரை போன கிளையை 1970களில் மூடினார்கள். பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு கொழும்பில் இறங்கிய பையன் சோதனைச் சாவடியில் நின்றே பாதி நாளைத் தொலைத்தான். தோளில் கமரா தொங்கியிருந்தால் மீதி நாளும் போயிருக்கும். 2009வரை கொழும்புத் தெருவில் கமராவைக் கண்ணுக்கு எடுப்பது ஒரு தமிழ் இளைஞனுக்கு விளையாட்டுக் காரியமாக இருக்கவில்லை. இதைச் சொன்னால் என் மருமகன் நம்புகிறான், ஆனால் அது அவன் உடம்பில் இல்லை. அவனுக்கு அப்போது பத்து வயது.

அவனுக்குக் கமரா வந்த வழியைப் பார்த்தால் யாருடைய திட்டத்திலும் இல்லாத வழி. 2020இல் கொரோனாவில் பாடசாலைகள் மூடி, பாடம் எல்லாம் போனுக்குள் போயிற்று. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கும் மரத்துக்கும் ஏறினார்கள். அதுவரை பொத்தான் போன் போதுமென்றிருந்த வீடுகள் சீட்டுக்காசை எடுத்தும் நகையை அடகு வைத்தும் ஸ்மார்ட்போன் வாங்கின. படிப்பு எவ்வளவு நடந்ததென்று ஆசிரியராக இருந்த என்னைக் கேட்காதீர்கள். ஆனால் லயத்துக்கு லயம் கமரா வந்து சேர்ந்தது அப்படித்தான். தங்கைக்குப் பாடம் கேட்க வாங்கிய போனில் இவன் மழையை எடுத்தான், பாலில் நனைந்த ரப்பர் மரத்தை எடுத்தான், வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நிற்கும் கால்களை எடுத்தான்.

சைக்கிளைத் தந்தது 2022. பெற்றோல் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்ட அந்த வருடம், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் வாசலில் கோழி ஏறும் கம்பிகளாக நின்றன. பக்கத்து வீட்டுக் கூரையில் சொருகிக் கிடந்த பழைய லுமாலா சைக்கிள் ஒன்றை இறக்கி, செயினை மண்ணெண்ணெயில் கழுவி, டியூப் மாற்றி எடுத்தான். மண்ணெண்ணெயும் அப்போது எளிதில் கிடைக்கவில்லை என்பது வேறு. புதுச் சைக்கிள் விலை அந்த மாதங்களில் ஏறிய ஏற்றத்தில், துருப்பிடித்ததுகூட அதிர்ஷ்டம்தான். ஜூலை 9ஆம் திகதி நாடே போராட்டத்துக்காகக் கொழும்புக்கு நடந்தும் லொறியேறியும் போனபோது, இவன் அவிசாவளைப் பாதையில் சைக்கிளிலேயே காலிமுகத்திடலுக்குப் போனான். வீட்டில் எங்களுக்கு உயிர் கையில் இல்லை. மூன்றாம் நாள் வெயிலில் கறுத்த மூஞ்சியோடு வந்து, படம் படமாகக் காட்டினான். அவனோடு போனவர்கள் பாதிப்பேர் சிங்களப் பையன்கள். பள்ளத்தாக்கில் பிறந்தவன் என்பதால் இரண்டு மொழியும் அவனுக்குத் தாய்மொழிபோல. அந்த இரண்டு மொழியும் 1983இல் எங்களைக் காப்பாற்றவில்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

பஸ்ஸில் போகும்போது பார்த்ததும் மறைந்துவிடும், நடந்தால் எங்கும் போய்ச் சேர முடியாது, சைக்கிள் மட்டும்தான் நிற்க நினைத்த இடத்தில் நிற்கிறது என்பது அவன் வாதம். மேட்டில் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் நல்ல படங்கள் கிடைக்கின்றனவாம். எங்கள் தபால்காரரிடம் கமரா இருந்திருந்தால் என்னவெல்லாம் எடுத்திருப்பார் என்று அதற்கப்புறம் நான் யோசித்ததுண்டு.

இப்போது கிழமை நாட்களில் அவன் கொழும்பில் ஒரு கல்யாணப் படக்காரரிடம் வேலை செய்கிறான். போர்டிங்கில் நான்கு பேருக்கு ஒரு அறை. லயத்துக் காம்பராவை விட்டு அதைவிடச் சின்னதற்குப் போயிருக்கிறான் என்று அவன் அம்மா புலம்புவாள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நாட்கூலி 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கல்யாண வீட்டில் இரண்டாவது கமராவைப் பிடித்தால் ஒரு நாளில் அதைவிடப் பலமடங்கு கிடைக்கிறது. இந்தக் கணக்கு தெரிந்த பிள்ளை எதுவும் கொழுந்துக் கூடைக்குத் திரும்பாது, திரும்பச் சொல்ல எனக்கு வாயும் இல்லை. விடியற்காலை ஐந்தரைக்கு, வாகனம் வருமுன், நண்பர்களோடு சைக்கிளில் சுற்றுகிறான். சுதந்திரச் சதுக்கம், கொட்டாஞ்சேனை, கடற்கரைப் பாதை. புறக்கோட்டையில் மூட்டை இறக்கும் ஆட்களோடு நின்று தேநீர் குடிப்பதாகச் சொன்னான். அவர்களில் பலர் இன்னமும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். நகரம் எல்லாருக்கும் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். அவன் வயதுக் கூட்டாளிகளில் பலருக்குக் கொழும்பு என்பது முதுகில் சாப்பாட்டுப் பெட்டியும் அடுத்த ஓர்டரைக் காட்டும் போன் திரையும்தான். ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. நான் இளைஞனாகக் கொழும்புக்குப் போனபோது ஊர் கேட்டால் "அவிசாவளை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். இவன் தன் படங்களுக்கு அடியில் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் சேர்த்துப் போடுகிறான்.

தொழில் நுணுக்கம் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். தேயிலை மலை நுவரெலியாவில் தபால் அட்டைபோல விழும், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், ரப்பர்க் காடு அப்படி இல்லை என்பான். பால்வெட்டு விடியுமுன் தொடங்குகிறது, தலையில் கட்டிய டோர்ச் வெளிச்சம் மட்டும், இலை மூடிய இருட்டு. கமராவின் உணர்திறனை ஏற்றினால் படம் முழுக்க மணல் தூவினாற்போல் ஆகிவிடும். விளக்கடித்தால் வெட்டுபவரின் கை தடுமாறும், பட்டையில் காயம் விழும், கங்காணியிடம் பேச்சு வாங்குவது அவர். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கமராவை வைத்திருக்கிறான். காலணிப் பெட்டிகளில் வரும் அந்தப் பொட்டலத்தைச் சொந்தக்காரர்கள் எல்லாம் அவனுக்காகச் சேர்த்துவைக்கிறோம்.

இத்தனையும் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் என் அம்மாவுக்கும் அவனுக்கும் சண்டை வந்தது. எண்பத்தைந்து வயது அம்மாவை லயத்து வாசலில், காரை பெயர்ந்த சுவருக்கு முன்னால், விறகுப் புகைக்குள் வைத்து ஒரு படம் எடுத்திருந்தான். கொழும்பில் நண்பர்கள் சேர்ந்து வைத்த சிறு கண்காட்சியில் அதை எல்லாரும் நின்று பார்த்தார்களாம். பெரிதாக அச்சடித்து ஆசையோடு கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தான். அம்மா கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏன்டா, ஒரு நல்ல சீல கட்டச் சொல்லியிருக்கக் கூடாதா? நாளைக்கு நான் செத்தா இதையா பேப்பருல போடப் போறீங்க?"

"அம்மாயி, இதுதான் உண்ம."

"உண்ம எனக்குத் தெரியாதா? நான்தான அதுக்குள்ள குடியிருக்கேன்."

அவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அவன் பக்கம் பேச நியாயம் இருக்கிறது. 2016 மே மாதம் புலத்கொஹுபிட்டியவில் களுப்பஹன தோட்டத்து லயத்தின் மேல் மண் சரிந்து ஆட்கள் புதைந்தபோது, அந்த லயங்கள் எப்படி இருந்தன என்று அதற்கு முன்னரே எத்தனை பேர் படம் எடுத்துக் காட்டியிருந்தார்கள்? பெயர்ந்த சுவரைக் காட்டத்தான் வேண்டும். 1946இல் உந்துகொடைப் பக்கம் நேவ்ஸ்மயர் தோட்டத்திலிருந்து தொழிலாளரை வெளியேற்றியதும் அதை எதிர்த்து வேலைநிறுத்தம் எழுந்ததும் எங்கள் மாவட்டத்து வரலாறு. அந்த முகங்களை லயத்துக்குள்ளிருந்து ஒருவர் எடுத்துவைத்திருந்தால் இன்று நான் என்னவும் கொடுத்து வாங்குவேன்.

ஆனாலும் என் மனம் அம்மா பக்கம்தான் சாய்கிறது. கமரோன் அம்மையார் காலத்திலிருந்து எங்களை அப்படித்தானே எடுத்துப் போனார்கள்? கந்தல், கூடை, சுருக்கம் விழுந்த கை. அழகாக எடுத்தார்கள், அனுதாபத்தோடும் எடுத்தார்கள். எப்படி நிற்க ஆசை என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டவர் டவுன் ஸ்டூடியோக்காரர் ஒருவர்தான், அவரும் காசுக்காகக் கேட்டார். கமரா எங்கள் பிள்ளையின் கைக்கு வந்துவிட்டது. பார்வையும் சேர்ந்து வந்துவிட்டதா, அல்லது கண்காட்சிக்கு வருகிறவர்களின் கண்ணைக் கடன் வாங்கித்தான் அவனும் பார்க்கிறானா? இதை அவனிடமே கேட்டேன். கோபப்பட்டான். இரண்டு வாரம் பேசவில்லை.

பிறகு அவனாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். யாரை எடுத்தாலும் தன் படம் ஒன்று, அவர்களுடைய படம் ஒன்று. தன் படத்தில் அவன் இஷ்டம். அவர்கள் படத்தில் இடம், உடுப்பு, யார் பக்கத்தில் நிற்பது, சிரிப்பதா வேண்டாமா எல்லாம் அவர்கள் சொல்வதுதான். அம்மா பச்சைப் பட்டுக் கட்டி, பிளாஸ்டிக் கதிரையைக் கோயில் செம்பருத்திக்குப் பக்கத்தில் போடச் சொல்லி உட்கார்ந்தார். ஒரு கையில் கடிகாரம் வேண்டுமென்றார், என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். அந்தப் படம் சட்டம் போட்டுச் சுவரில் இருக்கிறது. சொன்னபடி எடுப்பதுதான் கஷ்டம் மாமா, நம்ம கெட்டித்தனம் ஒன்றையும் உள்ளே விட மாட்டேனென்கிறார்கள் என்று குறைப்படுகிறான். இப்போது வாரக் கடைசியில் இதற்காகவே ஆட்கள் காத்திருக்கிறார்கள். அவன் தங்கைக்கும் ஒரு பழைய கமரா கொடுத்திருக்கிறான். அவள் எடுப்பவை அவனுடையவற்றைவிட நன்றாக இருக்கின்றன என்பது என் எண்ணம். ஆனால் அவள் சைக்கிளில் வெளியே போக ஆரம்பித்தால் லயமே பேசும் என்று என் தங்கை தடுத்துக்கொண்டிருக்கிறாள். கமராவுக்குக் கிடைத்த அனுமதி சைக்கிளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அடையாள அட்டைக்கு மட்டும் எல்லாரும் இன்னமும் பதிவுபெற்ற ஸ்டூடியோவுக்குத்தான் இறங்க வேண்டும். அரசாங்கம் இவன் படத்தை ஏற்காது.

நீளச் சவாரிகளும் போகிறான். பலாங்கொடையிலிருந்து பின்னவலை வழியாக மலையேறிப் பொகவந்தலாவைக்கு ஒரு பாதை உண்டு, ஒரு மாகாணத்தின் தோட்டங்களிலிருந்து இன்னொன்றின் தோட்டங்களுக்கு. 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்த கமரோன் அம்மையாரின் கல்லறை பொகவந்தலாவை மரியாள் தேவாலயத்தில் இருக்கிறது. அங்கே போய் ஒரு படம் எடுத்துவந்தான். கல்லில் பெயர் தெளிவாக இருக்கிறது. "அவங்க பேர நான் எழுதிக்கிட்டேன் மாமா, நம்ம ஆளுங்க பேரத்தான் அவங்க எழுதல" என்றான். இதைச் சொல்ல அவ்வளவு மேட்டை மிதித்திருக்க வேண்டுமா என்று கேட்டேன், சிரித்தான்.

அதற்கப்புறம்தான் பெட்டிகளைத் திறக்கும் வேலை தொடங்கியது. வீடு வீடாகப் போய் பழைய படங்களை நகலெடுக்கிறான். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் போனவை, கறையான் ஓரம் தின்றவை, சுவரிலிருந்து உரித்ததில் முகம் பாதி போனவை. பின்பக்கம் பெயரிருந்தால் எழுதுகிறான், இல்லாவிட்டால் கிழவிகளைக் கேட்கிறான். கிழவிகள் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார்கள். ஒரு மாப்பிள்ளையை மூன்று பேர் மூன்று பெயரில் அழைத்தார்கள். மூன்றையும் எழுதிவைத்திருக்கிறான்.

அம்மாவின் பெட்டியில் இருந்த பெரிய மாமா படத்தின் இன்னொரு பிரதி நீலகிரியில் இருக்க வேண்டும். மாமா இல்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் பேசுகிறோம். தலைமன்னார்க் கப்பல் இல்லாவிட்டாலும், 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடியது. அதில் போய், அங்கே அந்தக் குடும்பத்தை அதே வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்பது அவன் திட்டம். சைக்கிளை ஏற்றவிடுவார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். அம்மாவுக்குச் சைக்கிள் ஒரு பிரச்சினை இல்லை. அங்கே போய் யாரையும் லயத்து வாசலில் நிற்கவைத்து எடுத்துவிடாதே, முதலில் அவர்களிடம் கேள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.